ஊரைக் குள்ளமாக்கிய ஒட்டகச்சிவிங்கி

அந்தச் சிறிய நகரத்தில் பிறந்தவர்கள் இன்று எங்கெங்கோ வாழ்கிறார்கள். ஆனாலும் நிமிர்ந்து நிற்கச் சொன்னால் அவர்கள் எல்லோரும் ஒரே மாதிரிதான் நிற்பார்கள். குதிகால் இரண்டையும் ஒட்டி, முதுகை நேராக்கி, மோவாயைச் சற்றே தாழ்த்தி, மூச்சைப் பிடித்துக்கொண்டு. அப்படி நிற்கப் பழக்கியது பள்ளிக்கூடம் அன்று, ஓர் ஒட்டகச்சிவிங்கி.

நகராட்சியின் சமுதாயக் கூடத்துச் சுவரில் அது நின்றது. எந்தக் காலத்திலோ எவரோ வரைந்த சித்திரம். நெடிய கழுத்தில் ஏணிப்படிகள் போல அளவுக்கோடுகள். கழுத்தின் நடுவே, கயிற்றில் தொங்குவது போல வரைந்த ஒரு நீல மணி. கோடை விடுமுறை தொடங்கியதும் சுகாதாரப் பிரிவினர் அங்கே வந்து, ஊர்ப் பிள்ளைகளின் பல், கண், எடை, உயரம் எல்லாவற்றையும் பார்ப்பார்கள். உச்சந்தலை நீல மணியைத் தொட்டுவிட்டால் நகராட்சியின் நீச்சல் வகுப்பில் பெரிய குளத்தில் இறங்கலாம். தொடாவிட்டால் சின்னக் குளந்தான். சின்னக் குளத்தில் தண்ணீர் இடுப்பைத் தாண்டாது. கூடவே நாலைந்து பொம்மை வாத்துகளும் மிதக்கும். பத்து வயதில் வாத்துகளோடு மிதப்பது எவ்வளவு பெரிய அவமானம் என்பது பத்து வயதுக்காரர்களுக்கே தெரியும்.

இதனால் அந்த ஊரில், "உங்க பிள்ளை வளர்ந்துட்டானா?" என்று எவரும் கேட்பதில்லை. "மணி தொட்டாச்சா?" என்றுதான் கேட்பார்கள்.

பொடிசு இன்னும் தொடவில்லை.

அவளுக்கு வீட்டில் வைத்த பெயர் வேறொன்று இருந்தது. வருகைப்பதிவு எடுக்கும்போது ஆசிரியை மட்டும் அதைச் சொல்வார். மற்றவர்களுக்கெல்லாம் அவள் பொடிசு. அவளுடைய அப்பா நகராட்சிப் பொதுப்பணிப் பிரிவில் கொத்தனார். அம்மா, பூங்கா மரங்களுக்குத் தண்ணீர் ஊற்றும் லாரியை ஓட்டுபவர். கோடைக் காலையில் அந்த லாரி தெருவுக்குள் நுழைந்தால், பின்னால் பிள்ளைகள் கூட்டம் நனைந்துகொண்டே ஓடும். ஓட்டுநரின் மகளுக்கு மட்டும் முன்னிருக்கையில் இடம் உண்டு. அவளோ அதை விட்டுவிட்டு, பின்னால் போய் நனைவதையே விரும்புவாள்.

அந்த ஆண்டு சமுதாயக் கூடத்துக்குப் புதுத் தரை போட்டிருந்தார்கள். போட்டவர் பொடிசின் அப்பாதான். பளிங்கு போல மின்னிய அந்தத் தரையில் வரிசையாக நின்ற பிள்ளைகள், குனிந்து குனிந்து தங்கள் முகத்தைப் பார்த்துக்கொண்டார்கள்.

பொடிசின் முன்னால் நின்றான் கொக்கு. அடுத்த வீட்டுக்காரன், ஒரே வகுப்பு. காலும் கழுத்தும் நீண்டவன். சென்ற ஆண்டே மணியைத் தாண்டியவன். அதை அவன் மறக்கவும் இல்லை, மற்றவர்களை மறக்கவிடவும் இல்லை.

"உனக்காகத்தான் சின்னக் குளத்துல வாத்துக்குப் புதுச் சாயம் அடிச்சிருக்காங்களாம்," என்றான்.

"போடா! இந்த வருஷம் நான் தொட்டுடுவேன். போன வருஷமே ரெண்டு விரல்தான் குறைஞ்சுது."

"விரல் யாரோடது? உன்னோடதா, யானையோடதா?"

"யானைக்கு ஏதுடா விரல்?"

"அடுத்த ஆளு!" என்று அழைத்தார் நர்ஸ் அக்கா.

கொக்கு வீறாப்பாகப் போய் நின்றான். நர்ஸ் அக்கா மரப்பலகையை அவன் தலையில் வைத்து, சுவரைப் பார்த்தார். கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு மறுபடியும் பார்த்தார்.

"மணிக்கு ஒரு விரல் கீழே."

"அக்கா! நான் கொக்கு! நல்லாப் பாருங்க!"

"நீ மயிலாவே இருந்தாலும் பலகை அங்கதானே நிக்குது? நகரு."

வரிசை முழுவதும் சிரித்தது. பொடிசு மட்டும் சிரிக்கவில்லை. சுவரோடு ஒட்டி நின்று, மூச்சைப் பிடித்தாள்.

"ஏழு விரல் கீழே," என்றார் நர்ஸ் அக்கா.

"போன வருஷம் ரெண்டு விரல்தானே அக்கா?"

நர்ஸ் அக்கா அவள் கன்னத்தைப் பிடித்துத் திருப்பிப் பார்த்தார். "ஏம்மா, ராத்திரி ஒழுங்காச் சாப்பிடறியா இல்லையா?"

நண்பகலுக்குள் ஊருக்கே செய்தி பரவிவிட்டது. கூடத்துக்குப் போன பிள்ளைகளில் ஒருவர்கூட வளரவில்லை. பலர் குறைந்தே போயிருந்தார்கள்!

நகராட்சி அலுவலகம் தேனீக்கூடு போல இரைந்தது. "தண்ணியிலதான் ஏதோ கோளாறு," என்றது சுகாதாரப் பிரிவு. "எங்க தண்ணி தங்கம். காத்துலதான் தூசி," என்றது குடிநீர்ப் பிரிவு. "பூங்காவுக்கு அனுப்பாம வீட்டுலயே உட்கார வெச்சா பிள்ளைங்க எப்படி வளரும்?" என்றது பூங்காப் பிரிவு. வீடுகளில் பானை பானையாகப் பால் காய்ந்தது. மாலையானால் பூங்காவின் இரும்புக் கம்பிகளில் ஊர்ப் பிள்ளைகள் துவைத்த துணி போல வரிசையாகத் தொங்கினார்கள். கீழே பெற்றோர், "இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம்!" என்று ஊக்கினார்கள்.

எல்லாவற்றுக்கும் மேலாக ஒரு முடிவு வந்தது. கூடத்துக்கு வெள்ளையடிக்கும் வேலை நடந்துகொண்டிருந்தது. "அந்த ஒட்டகச்சிவிங்கியையும் சேர்த்து அழிச்சிடுங்க. அதைப் பார்த்தாலே பிள்ளைங்க அழறாங்க," என்று உத்தரவிட்டார் நகராட்சிப் பொறியாளர். பெரிய நகரத்திலிருந்து புதிய இரும்பு அளவுகோல் வருமாம். எப்போது வரும் என்று கேட்டால் எவருக்கும் தெரியவில்லை. நீச்சல் வகுப்பில் பெயர் சேர்ப்பதோ மறுநாளோடு முடிகிறது.

அன்று மாலை பொடிசு கம்பியில் தொங்கிவிட்டுக் கை வலியோடு வீட்டுக்கு வந்தாள். அம்மா அவளுடைய நீலக் கவுனை மடியில் போட்டு, கீழ் மடிப்பைப் பிரித்துக்கொண்டிருந்தார்.

"இதைப் போட்டு நில்லு பார்க்கலாம். முழங்காலுக்கு மேல ஏறிடுச்சு."

பொடிசு போட்டுக்கொண்டு நின்றாள். "துணி சுருங்கிடுச்சாம்மா?"

"சுருங்கறதெல்லாம் போன வருஷமே சுருங்கியாச்சு. நீதான் வளர்ந்திருக்கே."

"நான் எங்க வளர்ந்தேன்? குறைஞ்சுல்ல போயிட்டேன்!"

சொல்லிவிட்டு அவளே வாயை மூடினாள். குனிந்து கவுனின் ஓரத்தைப் பார்த்தாள். தான் குறைந்திருந்தால் கவுன் கீழே இறங்கியிருக்க வேண்டும் அல்லவா? இது மேலே ஏறியிருக்கிறதே!

அம்மா ஊசியில் நூல் கோத்துக்கொண்டே எங்கோ பார்த்துச் சிரித்தார்.

"நான் மணி தொட்ட அன்னிக்கு உங்க பெரியம்மாதான் கூட வந்தா. வரிசை அவ்வளவு நீளம். நின்னு நின்னு சலிச்சுப் போச்சு. அவ பையில நகப்பூச்சு வெச்சிருந்தா. ரெண்டு பேரும் யாருக்கும் தெரியாம உட்கார்ந்து, ஒட்டகச்சிவிங்கியோட நாலு குளம்புக்கும் சிவப்புச் சாயம் பூசிட்டோம்."

"அது நீங்க பண்ண வேலையா!"

"சத்தம் போடாதே, அப்பாவுக்குக்கூடத் தெரியாது. வெயில் ஜன்னல் வழியா விழுந்தா அந்தக் குளம்பு பளபளன்னு இருக்கும். அன்னிக்கு அடிச்ச சுண்ணாம்பு வாசனைகூட இன்னும் மூக்குல இருக்கு." அம்மாவின் குரல் தணிந்தது. "நாளைக்கு அதை அழிச்சிடுவாங்க. அந்தச் சிவப்பு இன்னும் இருக்குதாடி?"

இருக்கிறது என்று சொல்ல வாயெடுத்தாள் பொடிசு. சென்ற ஆண்டு அவளே அந்தக் குளம்பைச் சுரண்டிப் பார்த்திருக்கிறாள். ஆனால் இந்த ஆண்டு? வரிசையில் அத்தனை நேரம் நின்றாளே, சிவப்பைப் பார்த்ததாக நினைவே இல்லையே!

மறுநாள் பொழுது விடிந்ததும் விடியாததுமாக அவள் கூடத்துக்கு ஓடினாள். வழியில் பூங்காக் கம்பியில் கொக்கு தனியாகத் தொங்கிக்கொண்டிருந்தான்.

"இறங்குடா! தொங்கினது போதும்."

"முடியாது. எங்கம்மா நூறு எண்ணச் சொன்னாங்க."

"எண்ணிக்கிட்டே வா!"

கூடத்தின் கதவு திறந்திருந்தது. பொடிசு ஒட்டகச்சிவிங்கியின் முன் மண்டியிட்டாள். கொக்கும் குனிந்தான்.

ஒட்டகச்சிவிங்கிக்குக் குளம்பே இல்லை. நான்கு கால்களும், ஆற்றில் இறங்கி நிற்பவருடைய கால்கள் போல, மின்னும் தரைக்குள் நேராக முங்கியிருந்தன.

"கால் எங்க போச்சு?" என்றான் கொக்கு.

"எங்கயும் போகல. கீழதான் இருக்கு. தரைதான் மேல வந்திருக்கு." அவள் திரும்பிக் கதவைக் காட்டினாள். அதன் அடிவிளிம்பில் பச்சை வண்ணம் இல்லாமல் புதிதாக அறுத்த மரம் தெரிந்தது. அறுத்தெடுத்த துண்டு ஓரமாகக் கிடந்தது. "பாரு, கதவு இடிக்குதுன்னு அடியில அறுத்திருக்காங்க. நாலு விரல் உயரமாவது ஏறியிருக்கும். நாம யாரும் குறையலடா. நாம நிக்கற இடம் உசந்ததால, மணியும் நமக்கு எட்டாம இருந்திருக்கணும்னு…"

அவள் குழம்பிப்போய் நிறுத்தினாள். கொக்கு தலையைச் சொறிந்தான்.

"இரு, இரு. தரை உசந்தா நாம மணிகிட்டதானே போகணும்? இன்னும் உயரமால்ல தெரியணும்?"

பொடிசின் முகம் வாடியது. அவன் சொல்வது சரிதான். ஏறி நின்றால் தலையும் ஏறத்தானே வேண்டும்?

அவள் எழுந்து சுவரோடு ஒட்டி நின்று, உச்சந்தலையில் கை வைத்துத் திரும்பிப் பார்த்தாள். மணி மேலேதான் இருந்தது. ஒட்டகச்சிவிங்கியின் கழுத்தை விரலால் தடவினாள். பழைய கோடுகளைவிட இந்தக் கோடுகள் சற்று அழுத்தமாக, புத்தம் புதிதாக இருந்தன. மணியின் நீலமும் முன்பு போல வெளிறியிருக்கவில்லை. மணிக்குக் கீழே, சுண்ணாம்பு மெல்லிதாகப் பூசிய ஓரிடத்தில், பழைய நீலம் ஒரு கறையைப் போல மங்கலாகத் தெரிந்தது.

"கொக்கு! மணியை யாரோ மேல தூக்கி மாட்டியிருக்காங்க!"

"அது நான்தான்," என்று வாசலில் ஒரு குரல் கேட்டது.

கையில் வெள்ளைச் சாய வாளியோடு பெயின்டர் மாமா நின்றார். "தரை உசந்துடுச்சு, அதுக்கேத்த மாதிரி கோட்டையெல்லாம் ஏத்தி எழுதுன்னாங்க. எழுதினேன். ஏன், என்ன ஆச்சு?"

"எவ்வளவு மாமா ஏத்தினீங்க?"

"தரை போட்டவர்கிட்ட கேட்டேன். 'ஒரு சாண் ஏறியிருக்கு'ன்னார். ஒரு சாண் ஏத்திட்டேன்."

பொடிசு கையை விரித்து ஒரு சாண் பிடித்தாள். அதைக் கதவிலிருந்து அறுத்தெடுத்த துண்டின் மேல் வைத்துப் பார்த்தாள். நான்கே விரல். ஒரு சாண் எங்கே, நான்கு விரல் எங்கே!

"உங்கப்பா கணக்கு!" என்று சீட்டியடித்தான் கொக்கு. "மாட்டிக்கிட்டார்."

அப்பா எதிலும் பிசகாதவர். தரையில் கோலிக்குண்டை வைத்தால் அது உருளக் கூடாது என்பவர். அவரா இப்படிச் சொன்னார்?

"மாமா, கொஞ்ச நேரம் அழிக்காதீங்க. நான் அப்பாவைக் கூட்டிட்டு வர்றேன்."

"இன்ஜினியர் சார் வந்து பார்ப்பாரும்மா. நான் காதுலேர்ந்து ஆரம்பிக்கறேன். காது பெருசு, நேரமாகும். சீக்கிரம் ஓடு."

அப்பா தெருமுனையில் நடைபாதைக்குக் கல் பதித்துக்கொண்டிருந்தார். மூச்சிரைக்க வந்து நின்ற மகளைப் பார்த்து, கலவை பூசும் கரணையைக் கீழே வைத்தார்.

"என்ன கண்ணு, யாரு துரத்தறா?"

கேட்டுவிட வேண்டும் என்றுதான் ஓடிவந்தாள். வந்ததும் கேள்வியை மாற்றிக்கொண்டாள். அப்பா தவறு செய்திருந்தால் ஊரே அவரைத் திட்டுமே!

"அப்பா… கூடத்துத் தரை எவ்வளவு ஏறிச்சு?"

"வாசல்ல நாலு விரல். ஆனா தெருப் பக்கத்து மூலை ஒரேயடியா சரிஞ்சு கிடந்துது. அங்க மட்டும் கலவையைக் கொட்டி ஒரு சாண் ஏத்தினேன். ஏன்?"

"அந்த மூலையில ஒட்டகச்சிவிங்கி இல்லையே! அது கதவுக்குப் பக்கத்துலல்ல இருக்கு!"

அப்பா அவளை உற்றுப் பார்த்தார். மெல்ல அவர் முகம் மாறியது.

"அடடா… பெயின்டர் வந்து 'எவ்வளவு ஏறிச்சு'ன்னுதான் கேட்டார். எந்த மூலைன்னு கேட்கலையே. எதுக்குன்னும் சொல்லல. நான் அந்தச் சரிவோட மல்லுக்கட்டிக்கிட்டு இருந்தேன், அதைச் சொல்லிட்டேன்."

"உங்களைத் திட்டுவாங்களாப்பா?"

"திட்டினா திட்டட்டும்," என்று கையைத் துடைத்துக்கொண்டார் அப்பா. "பாவம், ஊர்ப் பிள்ளைங்க எல்லாம் கம்பியில தொங்கிட்டு இருக்காங்க. வா, போய்ச் சொல்லிடுவோம்."

அவர்கள் போய்ச் சேர்ந்தபோது ஒட்டகச்சிவிங்கிக்கு ஒரு காது போய்விட்டிருந்தது. பொறியாளரும் நர்ஸ் அக்காவும் நீச்சல் மாஸ்டரும் வந்திருந்தார்கள். பெயின்டர் மாமாவின் தூரிகை அடுத்த காதை நெருங்கிக்கொண்டிருந்தது. கொக்கு ஏணியின் காலைக் கட்டிப் பிடித்துக்கொண்டு, "அம்பத்தாறு, அம்பத்தேழு," என்று எண்ணிக்கொண்டிருந்தான். எதற்கு என்று கேட்டதற்கு, "நூறு எண்ணி முடிக்கற வரைக்கும் விடமாட்டேன்," என்றானாம்.

"நிறுத்துங்க!" என்று கத்தினாள் பொடிசு. "யாரும் குறையல. மணிதான் தப்பான இடத்துல இருக்கு!"

பொறியாளரின் புருவம் உயர்ந்தது. "தப்பா எழுதினது யாரு?"

பெயின்டர் மாமா கொத்தனாரைப் பார்த்தார். கொத்தனார் பெயின்டரைப் பார்த்தார். அப்பா ஓர் அடி முன்னால் வந்தார். "நான்தான் சார் அளவு சொன்னது."

"நான் எந்த இடம்னு கேட்டிருக்கணும் சார்," என்றார் பெயின்டர் மாமா ஏணியின் மேலிருந்து.

"நானும் ஒரு தடவை நாடா வெச்சுப் பார்த்திருக்கணும்," என்று முணுமுணுத்தார் நர்ஸ் அக்கா. "பிள்ளைங்களைத்தான் அளந்தேன். சுவரை யாரு அளந்தா?"

பொறியாளர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். அதற்குள் பொடிசு குறுக்கே புகுந்தாள்.

"யார் மேலயும் தப்பு இல்ல சார். நாம எல்லாரும் புதுத் தரை மேல ஏறிட்டோம். ஒட்டகச்சிவிங்கி மட்டும் பழைய தரையிலயே நின்னுடுச்சு. அவ்வளவுதான்."

நீச்சல் மாஸ்டர் பக்கென்று சிரித்துவிட்டார். பொறியாளரின் உதட்டோரமும் அசைந்தது.

"சரி, இப்ப என்ன பண்ணலாம்கறே? மறுபடியும் கோடு எல்லாம் எழுதணுமா?"

"வேண்டாம் சார். பழைய கோடு மேல இருக்கற புதுச் சாயத்தைச் சுரண்டிட்டா போதும். அப்புறம்…" அவள் அப்பாவின் பக்கம் திரும்பினாள். "இந்த ஒரு கல்லை மட்டும் எடுத்துட முடியுமாப்பா? அப்போ நாம பழைய தரையிலயே நின்னு அளக்கலாம். அது ஏறி வரவேண்டாம். நாம இறங்கிப் போகலாம்."

"பள்ளம் இருந்தா யாராவது தடுக்கி விழுவாங்களே," என்றார் பொறியாளர்.

"மத்த நாள்ல ஒரு மூடி போட்டு மூடிடலாம் சார்."

பொறியாளர் கொத்தனாரைப் பார்த்தார். "முடியுமா?"

"இப்பவே சார்," என்ற அப்பா, உளியை எடுத்துவர அந்த நொடியே புறப்பட்டார்.

தான் பார்த்துப் பார்த்துப் பதித்த கல்லைத் தானே பெயர்ப்பது அப்பாவுக்குச் சற்று வலித்திருக்க வேண்டும். ஆனாலும் ஓரம் சிதையாமல் பெயர்த்தார். கலவையை மெல்லக் கொத்தி அள்ளினார். கீழே, அவர்கள் எல்லோரும் மறந்துபோயிருந்த பழைய செந்நிறத் தரை தெரிந்தது. சுவரோரம் அதில் இரண்டு சிறு குழிகள், அருகருகே. எத்தனையோ ஆண்டுகளாக எத்தனையோ குதிகால்கள் நின்று நின்று தேய்ந்த குழிகள். அதற்கு மேலே, சுவரில், கலவை ஒட்டிச் சிராய்ந்துபோன நான்கு குளம்புகள். அவற்றில் அங்கங்கே கொஞ்சம் சிவப்பு.

வாசலில் தண்ணீர் லாரி வந்து நின்ற ஓசை கேட்டது. செய்தி கேட்டு வந்த அம்மா உள்ளே நுழைந்தார். குளம்பைக் கண்டதும் சட்டென்று நின்றார். பொடிசு அவரைப் பார்த்துக் கண்ணைச் சிமிட்டினாள்.

"இது யாரு பூசின சிவப்பு?" என்று வியந்தார் பொறியாளர். "நான் சின்னப் பையனா வந்தப்பவே இருந்துதே!"

"யாரோ குறும்புக்காரப் பிள்ளைங்களா இருக்கும்," என்றார் அம்மா, கூரையைப் பார்த்துக்கொண்டு.

பெயின்டர் மாமா புதுச் சாயத்தைச் சுரண்டியதும் வெளிறிய பழைய மணி வெளிப்பட்டது. பொடிசு செருப்பைக் கழற்றிவிட்டுக் குழிகளில் குதிகாலைப் பொருத்தினாள். தரை குளிர்ந்திருந்தது. அவளுக்கென்றே அளந்து செய்தது போல இருந்தது. நர்ஸ் அக்கா பலகையை வைத்தார். கூடமே மூச்சைப் பிடித்தது.

"மணி தொட்டாச்சு!" என்றார் நர்ஸ் அக்கா. "அதுக்கும் மேல ஒரு விரல்!"

அடுத்து கொக்கு நின்றான். அவன் மணியையும் தாண்டி எங்கோ போனான். அதற்கடுத்து நின்றவர் எவரும் எதிர்பாராதவர். பொறியாளர் தம் காலணிகளைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு, "சும்மா ஒரு தடவை," என்று கூச்சத்தோடு போய் நின்றார். பிறகு நீச்சல் மாஸ்டர். பிறகு அம்மா. செய்தி பரவப் பரவ, கடைக்காரர்களும் தபால்காரரும் பேருந்து ஓட்டுநரும் வந்து வரிசையில் நின்றார்கள். வளர்ந்து முடித்தவர்கள் எல்லாம் குழியில் இறங்கி, மூச்சைப் பிடித்து, மோவாயைத் தாழ்த்தி, சற்று நேரம் பத்து வயதாகி, மேலே ஏறி வந்தார்கள். போன காதைத் திரும்ப வரையட்டுமா என்று பெயின்டர் மாமா கேட்டபோது, "ஒரு காதே போதும், நாம சொல்றது கேட்கும்," என்று ஊரார் சொல்லிவிட்டார்கள்.

மறுவாரம் பெரிய குளத்தின் விளிம்பில் பொடிசு நின்றாள். காலைவெயிலில் தண்ணீர் நீலமாக அலைந்தது.

"குதிக்கறியா, இல்ல வாத்தைக் கூப்பிடட்டுமா?" என்றான் கொக்கு.

அவள் மூக்கைப் பிடித்துக்கொண்டு குதித்தாள். குளிர்ந்த நீர் தலைக்கு மேலே மூடியது. பழக்கத்தில் கால்கள் தரையைத் தேடின. எங்கேயும் தட்டுப்படவில்லை. தரை எவ்வளவு ஆழத்தில் இருந்தால் என்ன என்று காலை உதைத்து, அவள் சிரித்துக்கொண்டே மேலே வந்தாள்.